நான்கு மாதம் கூடிப்போன வயது

வெளிநாட்டில் நடந்த இளையோர் மகளிர் ஹொக்கிப் போட்டிக்கு நம் நாட்டிலிருந்து தெரிவான அணியில் என் பெயரும் இருந்தது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் ரெண்டு மூன்று பேர் என்னைக் கண்டால், "டீம்ல எடுத்தாங்களாம், ஆனா போகலியாம்" என்று ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்கிறார்கள். எடுத்தார்கள். பதினெட்டுப் பெயரில் என்னுடையது பதினோராவது. போகவில்லை என்பதும் உண்மைதான். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் முழங்காலில் அடி என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. இன்றைக்கும் அந்தக் காலை வைத்துக்கொண்டு மேல்மலைக்கு ஓடியே ஏறுவேன்.

எங்கள் தோட்டம் கந்தப்பளையிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் இருக்கிறது. தட்டையான இடம் என்று தேடினால் மூன்றே மூன்று கிடைக்கும். ஃபெக்டரி முற்றம், கோயில் வாசல், கிரவுண்ட். கிரவுண்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையின் இடுப்பில் யாரோ எப்போதோ வெட்டிவிட்ட ஒரு நீளமான பட்டி, அவ்வளவுதான். ஒரு பக்கம் மேட்டுத் தேயிலை, மறுபக்கம் பள்ளத் தேயிலை. பள்ளத்துப் பக்கம் பந்து போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் கையில் கிடைத்தால் மேலே எறிவார்கள். கிடைக்காத பந்துகள் கவ்வாத்துக் காலம் வரை செடிக்குள்ளேயே கிடக்கும். செடியை வெட்டி இறக்கும்போது ஒன்று, ரெண்டு, சில நேரம் ஐந்தாறு பந்து வெளியே வரும். "இந்தாடி, ஒங்க கோழி போட்ட முட்ட" என்று கொண்டுவந்து தருவார்கள்.

எனக்கு முதல் மட்டை கொய்யாக் கிளை. வளைந்த முனை இருந்தால் போதும். பிறகு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அங்கே ஹொக்கி பழக்குகிற ஒரு மிஸ் இருந்தார். சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் வரும், திட்டுவதற்கு மட்டும் நன்றாகவே வரும். நான் குனிந்து நின்ற விதத்தைப் பார்த்துத்தான் என்னை எடுத்தாராம். குனிவதில் என்ன இருக்கிறது? புல்லு வெட்டவும் குனிய வேண்டும், தண்ணீர் பிடிக்கவும் குனிய வேண்டும். அதோடு நான் ஆளே குட்டை. மற்றவர்கள் இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டிய இடத்தில் நான் சும்மா நின்றாலே போதும் என்று கூட விளையாடியவர்கள் கேலி செய்வார்கள். எனக்குக் 'கட்டை' என்றுதான் பெயர்.

என் வயதுக்கு நான் வளரவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கொண்டுபோனபோது டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் பால்குடி மாதிரி இருக்கே, அடுத்த வருசம் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினாராம். அடுத்த வருடம் சேர்ந்தும் வரிசையில் நான்தான் முதலில். பதினைந்து வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று எந்தப் போட்டிக்குப் போனாலும் எதிரே நிற்பவளின் தோளுக்குத்தான் நான் வருவேன். மிஸ் வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்து முன்னால் நின்று தின்னவைப்பார். டிஸ்பென்சரியில் சத்து மாத்திரை தந்தார்கள். அம்மா மட்டும் இதற்கெல்லாம் கவலைப்பட்டதே இல்லை. "வளருவா, வளருவா. அவளுக்கு இன்னும் காலம் இருக்கு" என்பாள். ஒருவேளை அவளுக்குக் கவலைப்பட நேரமில்லையோ என்று நினைத்துக்கொள்வேன். அப்பா நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். எனக்குப் பின்னால் பிள்ளையும் இல்லை. ஆனாலும் அம்மா என்னை 'மூத்தவளே' என்றுதான் கூப்பிடுவாள். அடுத்தது பிறக்கும் என்ற ஆசையில் ஆரம்பித்து நின்றுபோன பழக்கம் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஹொக்கி விளையாடுவதற்கு அம்மா ஒருநாளும் தடை சொன்னதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. கிரவுண்டின் மேட்டுப்பக்க மூலையில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. எனக்குக் கோல் கம்பம் அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு அந்த மரத்தின் அடியைக் குறிவைத்து நூறு அடி, இருநூறு அடி அடிப்பேன். வேலை விட்டுக் கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வரும் அம்மா நின்று சத்தம் போடுவாள்.

"மூத்தவளே, அந்தப் பக்கம் அடிக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஏம்மா, மரத்துக்கு நோகுமா?"

"அட்ட கடிக்கும்டி. இங்கிட்டு வா."

எங்கள் மலையில் அட்டை எங்கேதான் இல்லை? கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அம்மா ஏதோ பேய் பிசாசுக்குப் பயப்படுகிறாள் என்று சிரித்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் மறுபடியும் மரத்தைப் பார்த்தே அடிப்பேன். வருடக்கணக்காக அடித்தேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த காலத்தில் கொழும்புக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். செயற்கைப் புல் விரித்த மைதானத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் அதற்குத் தண்ணீர் அடிக்கிறார்கள்! எங்கள் ஊரில் மழை நின்றால்தானே விளையாட முடியும், இவர்கள் காசு கொடுத்து மழை பெய்யவைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே பந்து நேராக வருகிறது. கல்லில் தட்டித் திரும்பாது, குழியில் விழுந்து நிற்காது. முதல் ரெண்டு நாள் அந்த நேர்ப்பந்தை என்னால் நிறுத்தவே முடியவில்லை. எங்கள் கிரவுண்டில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எதிர்பார்த்தே பழகிய கை, துள்ளாத பந்தைக் கோட்டைவிட்டது. மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு என் பக்கமாக ஒருத்தியும் எளிதாகத் தாண்டிப் போகவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதைச் சொல்லிப் பெருமைப்பட இருக்கிறது எனக்கு?

இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களின் அணிக்கு என்னை எடுத்தார்கள். தோட்டமே கொண்டாடியது. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அம்மாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கைகொடுத்தாராம். அம்மா அன்று முழுக்க அந்தக் கையால் கொழுந்து எடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். நான் வெளிநாட்டுக்குப் போட்டுப்போக அம்மா ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தாள். நாங்கள் போகவிருந்த நாடு கொதிக்கிற நாடு, அங்கே எதற்கம்மா கம்பளி என்றால், பிளேனுக்குள் குளிருமாம் என்றாள்.

அப்போதுதான் போட்டியைத் தள்ளிவைத்தார்கள். என்ன காரணமோ, எங்கள் மலை வரைக்கும் காரணம் வந்து சேரவில்லை. வருடம் மாறியது. வருடம் மாறியதும் வயது எல்லைக்கான தேதியும் மாறியது. ஒருநாள் மத்தியானம் மிஸ் போன் எடுத்தார். எப்போதும் ஹலோ என்பதற்கு முன்னாலேயே திட்டத் தொடங்குகிற மனுஷி, அன்று ஹலோ என்றார். பிறகு சொன்னார். புதுக் கணக்கில் என் வயது நான்கு மாதம் கூடிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, என்னைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போகிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் கடைசிப் பட்டியல் போய்விடும்.

போனை வைத்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் தாழ்வாரம்தான் எங்களுக்கு அழவும் சிரிக்கவும் உள்ள இடம். அம்மா வேலை விட்டு வந்தபோது என் முகம் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நான்கு மாதம் வயது கூடிவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. ஏதோ தொலைந்துபோன சாவி தன் மடியிலேயே இருப்பதைக் கண்டவள் மாதிரிச் சிரித்தாள்.

"அட பைத்தியக்காரி, இதுக்கா அழுவுற? ஒனக்கு ஒன்னும் வயசு கூடல. நீ ஒன்றர வருசம் சின்னப்புள்ள. அந்தப் பேப்பர்ல இருக்குறது பழைய தேதி."

"என்ன பழைய தேதி?"

"நீ மொதல்ல பொறந்த தேதி. நீ மொத தடவ வந்து ஆறு மாசம் இருந்துட்டுப் போயிட்ட. போயி ஒரு வருசத்துல திரும்பி வந்துட்ட. இந்தா, இதே காம்பராவுலதான் வந்த."

அடுத்த காம்பராவிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். இரத்த உறவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சக் கதையை அவள்தான் சொன்னாள்.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. முறைப்படி மருத்துவச்சி துண்டு எழுதிக்கொடுத்து, அப்பா போய்ப் பதிந்து, சான்றிதழும் எடுத்திருக்கிறார். ஆறாம் மாதம் சளி நெஞ்சில் கட்டி அந்தப் பிள்ளை செத்துப்போனது. கைப்பிள்ளை சாவை யார் போய்ப் பதிகிறார்கள்? துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்து நான் பிறந்தேன். நான் பிறந்த அன்று மழையில் ரோடு அடைபட்டு மருத்துவச்சியும் வரவில்லை. கொடியை அறுத்தது அத்தைதான். அதே மூக்கு, காதுக்குப் பின்னால் அதே மச்சம். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று அம்மா அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படி நம்புகிறவர்கள் உண்டு. போன பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பதும் உண்டு. அதே பெயரை எனக்கு வைத்தார்கள். பெயரும் அதே, அப்பன் ஆத்தாளும் அதே. பேப்பர் ஏற்கனவே டப்பாவில் இருந்தது. அதை வைத்தே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், அதை வைத்தே அடையாள அட்டை எடுத்தார்கள்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அக்கா ஒருத்தி இருந்தாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை என்பது மட்டும்தான் ஏறியது. நான் குட்டையே இல்லை! என் வயதுக்குச் சரியாகத்தான் வளர்ந்திருக்கிறேன். எழுந்து குதித்தேன். அந்தக் குதிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உடனே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் யாரிடமோ விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னார். வழி இருக்கிறது, ஆனால் சும்மா திருத்த முடியாது. முதலில் மூத்த பிள்ளையின் மரணத்தைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றவள் நேரில் வந்து சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் என் பிறப்பைப் புதிதாகப் பதியலாம். சீக்கிரம் போங்கள், நாள் இல்லை என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நா வரமாட்டேன்."

"ஏம்மா?"

"செத்துட்டான்னு நா எழுதிக் குடுக்க மாட்டேன். அவ சாகல. இந்தா நிக்கிறியே, நீதான் அவ. நிக்கிற புள்ளைய செத்துட்டான்னு எந்த ஆத்தாளாவது கையெழுத்துப் போடுவாளா?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் என்ன பேசுகிறது என்று தெரியாது. அம்மா வயிற்றிலிருந்தே கொண்டுவந்த குணம் என்பார்கள். அன்றைக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஒன்று மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"ஆறு மாசம் இருந்துட்டுப் போனவளுக்காக என்னைய உயிரோட பொதைக்கிறியேம்மா! அவ மண்ணாப் போயிட்டா. ஒனக்கு எங்க ரெண்டு பேர்ல யாரு வேணும்? சொல்லு, யாரு வேணும்?"

அம்மா தேத்தண்ணியை வடித்தாள். எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கையில் கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. ஐந்து நாள் நானும் அவளும் பேசவே இல்லை. மூன்று வாரத்தில் அந்த ஐந்து நாளும் போனது.

ஆறாம் நாள் காலை அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்கு மட்டும் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றாள். பக்கத்தில் சாட்சி சொல்ல அத்தை.

"வாடி போவோம்" என்றாள். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பதிவு அலுவலகத்தில் இருந்த ஐயா நல்ல மனிதர். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். தமிழ் தெரிந்தவர் அன்று லீவாம். அதனால் அவர் கேட்கக் கேட்க நான்தான் அம்மாவிடம் தமிழில் கேட்க வேண்டியதாயிற்று.

"செத்தவங்க பேரு என்னன்னு கேக்குறாருமா."

அம்மா என் பெயரைச் சொன்னாள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். இறந்தவர் என்ற கட்டத்துக்குள் என் முழுப்பெயரையும் அவர் அழகான கையெழுத்தில் எழுதினார்.

"எப்ப செத்தாங்கன்னு கேக்குறாரு."

இருபத்தொரு வருடமாக வாயே திறக்காதவள், ஒரு விநாடி யோசிக்கவில்லை. "மாசி மாசம். கோயில் தேர் முடிஞ்ச மூணாம் நாளு, வெள்ளிக்கெழம. ஃபெக்டரியில பதினோரு மணிச் சங்கு ஊதுச்சு, அதோட போச்சு." அவர் தன் போனில் பழைய காலண்டரைத் தேடி அது என்ன தேதி என்று கண்டுபிடித்து எழுதினார். சங்கு ஊதியதை எழுதக் கட்டமில்லை.

"எங்க பொதைச்சதுன்னு கேக்குறாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"கிரவுண்டுக்கு மேல. சவுக்கு மரத்தடியில."

என்ன சொன்னார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். மறுபடியும் கேட்டார். "வத்தே" என்றேன். தோட்டத்தில் என்று அர்த்தம். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் அடி! அட்டை கடிக்கும் என்று சொன்ன என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேனே, பாவி.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுத வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். எழுத்து எழுத்தாக எழுதி முடித்துப் பேனாவை வைத்தாள். அந்த ஐயா கடதாசியை எடுத்துக்கொண்டு, வழக்கமாக இறப்பைப் பதிய வருகிறவர்களிடம் சொல்வதுபோல, எங்கள் துக்கத்தில் தானும் பங்குகொள்வதாக ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா அந்த மேசைமேலேயே தலையை வைத்து அழ ஆரம்பித்தாள். சாவு வீட்டில் அழுவதுபோல, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் கண்ணே, என் தங்கமே, ஒன்னைய நானே அனுப்பிட்டேனே" என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு முஸ்லிம் அம்மா தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டப் போகவில்லை. என் பெயரைச் சொல்லி என் அம்மா பிணத்துக்கு அழுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

மரணச் சான்றிதழ் எப்படியோ சீக்கிரம் வந்துவிட்டது. என் பிறப்பு வரவில்லை. கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம், அத்தையின் சாட்சி எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பாகி, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். மிஸ் யார் யாரிடமோ கெஞ்சினார். மரணச் சான்றிதழைக் காட்டிக் கேட்டால் ஒருவேளை ஒத்துக்கொள்வார்கள் என்று நானும் ஓடினேன். அதைப் பார்த்தவர் எனக்கு விளங்கும்படி சொன்னார். நான் இன்னார் இல்லை என்பதற்குத்தான் அது சான்று, நான் யார் என்பதற்குச் சான்று எங்கே? என்னிடம் இல்லை. அந்த மூன்று வாரம் முடிந்தபோது நாட்டின் எந்தக் கடதாசியிலும் நான் பிறந்திருக்கவில்லை. பட்டியல் போனது. என் இடத்தில் வேறொரு பெண் போனாள்.

எங்கள் அணியின் முதல் ஆட்டத்தை அம்மாவும் நானும் போனில் பார்த்தோம். லயத்தில் சிக்னல் கிடைக்காது, கோயில் படிக்கட்டில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் போய் உட்கார்ந்தோம். அம்மா வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த முதல் ஹொக்கி ஆட்டம் அதுதான். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுல ஒன் எடத்துல நிக்கிறது எது?"

காட்டினேன். அந்தப் பெண் முதுகில் எனக்குத் தருவதாகச் சொன்ன எண் இருந்தது.

"பாவம், நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். நான் போயிருந்தால் வென்றிருப்போம் என்றெல்லாம் அளக்கமாட்டேன். நான் போயிருந்தால் மூன்று கோலில் தோற்றிருப்போம். ஆனால் போயிருப்பேன். அந்தத் தண்ணீர் அடித்த புல்லில் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை நின்றிருப்பேன். போனை அணைத்தேன்.

அம்மா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்கப்பா அன்னைக்கே கேட்டாரு. புதுசா ஒரு பேப்பர் பதிஞ்சிட்டு வரவான்னு. நாந்தான் வேணாம்னேன். ரெண்டு பேப்பர் இருந்தா ஒன்னு செத்தவளோடதுன்னு ஆயிருமேன்னு பயந்தேன்."

பரவாயில்லம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது எனக்கு அது பரவாயில்லை என்று இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அவள்மேல் இருந்த கோபம் அந்தப் படிக்கட்டிலேயே எங்கோ போய்விட்டது. ஐந்து நாள் அவளோடு பேசாமல் இருந்ததுதான் மிச்சமாக நின்றது. யாரு வேணும் என்று கேட்டேனே, அவள் என்னைத்தான் வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பதிலைக் கேட்டு வாங்கி நான் என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. போட்டிக்கும் போகவில்லை, அவள் பிள்ளையும் அவளுக்கு இல்லாமல் போனது.

என் பிறப்புச் சான்றிதழ், அணி தோற்றுத் திரும்பி வந்து ரெண்டு கிழமை கழித்து வந்தது. அடுத்த போட்டி வரும்போது என் உண்மையான வயதும் எல்லையைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாயந்தரம் கிரவுண்டில் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறேன். கோல் கம்பத்தை மறுபக்கம் நட்டுவிட்டோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோது அட்டை கடிக்கும் என்று சொன்னேன்.

அலுவலகத்திலிருந்து வந்த நாள் தொட்டு அம்மா என்னை மூத்தவளே என்று கூப்பிடவே இல்லை. ரொம்ப நாள் வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. 'இந்தா', 'ஏய்', 'ஒன்னத்தான்' என்று ஓட்டினாள். மாசி மாதம் வந்தால் ஒரு சின்னத் தம்ளரில் பால் எடுத்துக்கொண்டு தனியாகக் கிரவுண்டுக்குப் போய்வருவாள். நானும் கேட்கமாட்டேன்.

போன மாதம் ஒருநாள் சாயந்தரம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தவறி அடித்த பந்து மேட்டுப் பக்கம் உருண்டு சவுக்கு மரத்தடிக்குப் போனது. அதை எடுக்க இன்னொருத்தி மட்டையை ஓங்கிக்கொண்டு ஓடினாள். ரோட்டில் கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"சின்னவளே! நீ போயி அந்தப் பந்த எடு. அக்கா மேல பட்டுறப் போகுது."

பிள்ளைகள் யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பந்தைக் கையால் எடுத்து வந்தேன்.